விசையும் எழுத்தும்: கம்பியற்ற விசைப்பலகையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

எமது தமிழ்ச் சங்கத்தின் அறையிலுள்ள மேசைக் கணினிக்கு அண்மையிற் கம்பியற்ற விசைப்பலகையொன்றும் சுட்டியொன்றும் வாங்கப்பட்டன. அவற்றைப் பொருத்துவதற்கு ஐந்து நிமிடங்களும் தேவைப்படவில்லை. சுட்டியின் மின்கல அறையினுள்ளே செருகப்பட்டிருந்த, விரல் நகமளவேயான அலைவாங்கியை எடுத்துக் கணினியின் யூ.எஸ்.பி. துவாரத்திற் செருகினோம்; இரு கருவிகளுக்கும் மின்கலங்களை இட்டோம்; அடிப்புறத்திலிருந்த ஆளியைத் திருப்பினோம். திரையிலே சுட்டுக்குறி அசையத் தொடங்கிற்று. அவ்வேளை அருகில் நின்ற முதலாம் வருட மாணவியொருத்தி, விசைகளிலே பொறிக்கப்பட்டிருந்த ஆங்கில எழுத்துக்களை நோக்கியவாறு, "அண்ணை, இதிலை தமிழும் அடிக்கலாமோ?" என வினவினாள். "அடிக்கலாம்" என்று விடையிறுத்தேன். ஆயின், ஆங்கிலம் மட்டுமே பொறிக்கப்பட்ட பலகையில் தமிழ் எவ்வாறு வருகின்றது என அவள் மேலும் வினவியபோது, தெளிவான விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவிற்கு விடை தேட முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

கம்பியற்ற விசைப்பலகையின் வரலாற்றினைக் கம்பி அறுபட்ட கதையாக நோக்குவதே பொதுவழக்கு. சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, இக்கருவியின் பின்னணியில் ஒன்றல்ல, இரண்டு பிணைப்புகள் அறுபட்டிருத்தலைக் காணலாம். விசைக்கும் எழுத்துக்கும் இடையே நிலவிய பிணைப்பு முதலாவது. கருவிக்கும் கணினிக்கும் இடையே நிலவிய பிணைப்பு இரண்டாவது. இரண்டாவது அறுபட்டமை கண்ணுக்குப் புலனாவது. முதலாவது அறுபட்டமையோ புலனாகாதது. எனினும், தமிழ் போன்ற மொழிகளைப் பொறுத்தவரை அதுவே பெரிது. இவ்விரு பிணைப்புகளும் அறுபட்ட வரலாற்றினையும், அதனால் நமக்கு ஏற்பட்டுள்ள பொறுப்பினையும் சுருக்கமாக ஆராய்தலே ஈண்டு நோக்கமாகும்.

1. இரும்பினாற் பிணைந்த எழுத்து

இன்றைய விசைப்பலகையின் மூதாதை தட்டச்சுப் பொறியேயாகும். அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வாழ்ந்த கிறிஸ்தோபர் லேதம் ஷோல்ஸ் என்பார், கிளிடன், சூல் என்னும் இருவருடன் இணைந்து 1868இல் தட்டச்சுப் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1873இல் றெமிங்ரன் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டு, 1874இல் அப்பொறி சந்தைக்கு வந்தது. 1878இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் இரண்டாவது பொறியிலேயே, ஒரே விசையினாற் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் அடிக்க உதவும் ஷிஃப்ற் விசை இடம்பெற்றது. மேல் வரிசையின் முதல் ஆறு எழுத்துக்களால் 'குவேர்ட்டி' எனப் பெயர் பெற்ற ஒழுங்கமைப்பும் இப்பொறிகளின் வழியாகவே நிலைபெற்றது.

அப்பொறியில் விசையை அழுத்தினால் நெம்புகோல் அசையும்; நெம்புகோலின் நுனியிலிருந்த அச்செழுத்து மை நாடாவின் மீது மோதித் தாளிற் பதியும். விசைக்கும் எழுத்துக்கும் இடையில் இருந்தது இரும்பு. ஒரு விசை எவ்வெழுத்தைத் தரவேண்டும் என்பது தொழிற்சாலையிலே முடிவு செய்யப்பட்டது. வாங்கியவரால் அதனை மாற்றுதல் எளிதன்று. எழுத்துக்களின் ஒழுங்கமைப்பும் இவ்வாறே இறுகிப்போயிற்று. 1936இல் ஓகஸ்ட் டிவோராக் என்பார் வேறோர் ஒழுங்கமைப்புக்குக் காப்புரிமை பெற்று, அதுவே விரல்களுக்கு இசைவானது என வாதிட்டார். ஆயினும், பழகிய கைகளும் விற்றுத் தீர்ந்த பொறிகளும் அவ்வாதத்திற்குச் செவிசாய்க்கவில்லை. கருவியொன்றின் வடிவத்தை அறிவு மட்டுமன்றிப் பழக்கமும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்விரும்புப் பிணைப்பினுள்ளே தமிழைக் கொண்டுவருதல் இலகுவான பணியன்று. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என நம் எழுத்துக்கள் 247. ஆங்கிலத்துக்கென அமைந்த பொறியிலிருந்த விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. இவ்விடர்ப்பாட்டினைத் தீர்த்தவர் நம் நாட்டவர் என்பது பெருமைக்குரியது. 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, பின்னர் சிங்கப்பூரிற் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர். உயிர்மெய்யெழுத்தை முழுமையாக ஒரு விசையில் அமைக்க முயலாது, மெய்யுருவினையும் உயிர்க்குறியினையும் பிரித்துத் தனித்தனி விசைகளில் அமைக்கும் முறையை அவர் கையாண்டார். எழுத்தின் மேலே வரவேண்டிய புள்ளி, விசிறி முதலிய குறிகளுக்கு அவர் பயன்படுத்தியது நகரா விசையாகும். அதனை அழுத்தினாற் குறி தாளிற் பதியும், தாள் நகராது. அடுத்து எழுத்தை அழுத்த, அது குறியின் கீழே வந்து பொருந்தும். அதன் பின்னரே தாள் நகரும். எனவே 'க்' என அடிப்பதற்குப் புள்ளியை முதலிலும் ககரத்தைப் பின்னரும் அடிக்கவேண்டியிருந்தது. கையால் எழுதும்போது நாம் இட்டுப் பழகிய வரிசைக்கு இது தலைகீழானது. தமிழ் எழுத்து பொறிக்குள் நுழைவதற்காகத் தமிழன் தன் கையின் வரிசையை மாற்றிக்கொண்டான் எனலாம்.

தட்டச்சுப் பொறியின் நடு வரிசையில் ய, ள, ன, க, ப, கால், த, ம, ட என்னும் ஒழுங்கு இவ்வழியில் நிலைபெற்றது. அரசாங்க அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் பத்திரிகைக் காரியாலயங்களிலும் இவ்வொழுங்கினை விரல்களிலே தாங்கிய ஒரு தலைமுறை உருவாயிற்று. பின்வந்த கணினிக் காலத்தைப் புரிந்துகொள்வதற்கு இவ்வுண்மையை மனங்கொள்ளல் வேண்டும்.

2. எழுத்து எண்ணாதல்

விசையும் எழுத்தும் முதன்முதலிற் பிரிந்தது கணினியில் அன்று, தந்தித் துறையிலேயே. பிரான்சிய நாட்டவரான எமில் போடோ 1874இற் காப்புரிமை பெற்ற தந்தி முறையில், ஒவ்வோர் எழுத்தும் ஐந்து மின்குறிகளின் கூட்டாக அமைந்தது. 1901 அளவில் டொனால்ட் மறே என்பார் தட்டச்சுப் பலகை போன்ற பலகையினால் இத்தகைய குறிகளைத் துளைநாடாவிற் பதிக்கும் முறையை வகுத்தார். இதன் விளைவு யாது? விசையை அழுத்துபவர் ஓரிடத்திலிருக்க, எழுத்து பிறிதோரிடத்திற் பிறந்தது. இடையிற் பயணம் செய்தது எழுத்தன்று. அதனைக் குறிக்கும் அடையாளம் மாத்திரமே. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 'ஆஸ்கி' என்னும் குறிமுறை இம்மரபின் தொடர்ச்சியாகும். அதில் இருந்தவை 128 இடங்கள் மட்டுமே. ஆங்கிலத்துக்கு அவை போதுமாயிருந்தன; பிறமொழிகளுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

1981 ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி இப்பிரிவினை மேலும் ஒரு படி முன்கொண்டு சென்றது. அதன் விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்பவில்லை. எழுத்தின் குறியையும் அனுப்பவில்லை. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது, எது விடுபட்டது என்பதை மாத்திரம் ஓர் எண்ணால் அறிவித்தது. அவ்வெண்ணுக்கு எவ்வெழுத்து உரியது என்பதைக் கணினியினுள்ளிருந்த மென்பொருளே தீர்மானித்தது. யூ.எஸ்.பி. முறையும் இவ்வாறானதே. அதில் ஆங்கில ஏ பொறிக்கப்பட்ட விசைக்கு 4 எனத் தொடங்கி, ஸெட் விசைக்கு 29 என முடியும் எண் வரிசை உண்டு. ஜே பொறிக்கப்பட்ட விசையை அழுத்தினாற் கணினிக்குச் செல்வது 13 என்னும் எண்ணேயன்றி ஜே என்னும் எழுத்தன்று.

இங்கு ஒரு முக்கிய உண்மை வெளிப்படுகின்றது. விசைப்பலகைக்குத் தமிழ் தெரியாது என்பது மெய்யே. ஆயின் அதற்கு ஆங்கிலமுந் தெரியாது. விசையின் மேலே பொறிக்கப்பட்டிருப்பது மனிதரின் கண்ணுக்கான அடையாளம். கருவிக்கு அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை.

3. சுட்டியின் வருகை

விசைப்பலகையின் துணையாக இன்று விற்கப்படும் சுட்டியின் வரலாறு வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்திற் பணியாற்றிய டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் எண்ணத்திற் தோன்றி, அவருடைய சக பணியாளர் பில் இங்கிலிஷ் என்பாரால் 1964இல் அது உருவாக்கப்பட்டது. மரக்கட்டையொன்று; அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரு சில்லுகள்; மேலே ஒரு விசை. வால் போல நீண்ட கம்பியோடு கூடிய அதற்கு ஆய்வுகூடத்திலேயே 'எலி' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1968 டிசம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் நிகழ்த்திய காட்சி விளக்கத்தில் அறிஞர் பலர் அதனைக் கண்ணுற்றனர். அதே ஆண்டில், அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், மேற்கு ஜெர்மனியின் ரெலிஃபுங்கன் நிறுவனம் உருளும் பந்தினையுடைய இத்தகைய கருவியொன்றை அறிமுகஞ் செய்திருந்தமையுங் குறிப்பிடத்தக்கது. 1970இல் எங்கெல்பார்ட்டின் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. 1973இல் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆல்ரோ, 1984இல் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் ஆகிய கணினிகளின் வழியாக அது ஆய்வுகூடத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தது.

சுட்டி அனுப்புவதும் எண்களையே. வலமாக எவ்வளவு, மேலாக எவ்வளவு நகர்ந்தது, எவ்விசை அழுத்தப்பட்டது என்பனவே அதன் செய்தி. திரையில் என்ன இருக்கின்றது என்பதை அது அறியாது. ஆகவே விசைப்பலகையும் சுட்டியும் எண்களை மட்டும் பேசும் கருவிகளாக மாறிய பின்னர், அவ்வெண்களைக் கம்பியின் வழியே அனுப்பினால் என்ன, காற்றின் வழியே அனுப்பினால் என்ன என்னும் வினா எழுதல் இயல்பே. முதற் பிணைப்பு அறுந்தமையே இரண்டாவது பிணைப்பு அறுவதற்கும் வழிவகுத்தது.

4. கம்பி அறுதல்

வீட்டுக் கணினியொன்றுடன் கம்பியற்ற விசைப்பலகையை இணைத்து விற்ற முன்னோடி முயற்சிகளுள் ஐ.பி.எம். நிறுவனத்தின் பீ.சி. ஜூனியர் குறிப்பிடத்தக்கது. 1983 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அக்கணினியின் 62 விசைகளைக் கொண்ட பலகை, செந்நிறக் கீழ்க் கதிர்களின் மூலம் கணினியோடு தொடர்பு கொண்டது. நான்கு மின்கலங்கள் அதனை இயக்கின. அப்பலகையின் விசைகளின் மேலே எவ்வெழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை என்பது நம் ஆய்வுக்கு மிகப் பொருத்தமான செய்தியாகும். எழுத்துக்கள் விசைகளுக்கு மேலேயிருந்த இடைவெளியில் அச்சிடப்பட்டிருந்தன. வெவ்வேறு பணிகளுக்கு வெவ்வேறு அட்டைகளைப் பலகையின் மீது விரித்துப் பயன்படுத்தலாம் என அதனை அமைத்தோர் கருதினர். கம்பி அறுந்த பலகையிலேயே எழுத்தும் விசையை விட்டு அகன்றிருந்தது.

ஆயினும் அது வெற்றி பெறவில்லை. சிறிய இறப்பர் விசைகள் விரைந்து அடிப்பதற்கு உதவவில்லை. கதிரின் பாதையில் தடையேற்பட்டாற் செய்தி சென்றடையவில்லை. ஒரே அறையில் இரு கணினிகள் இருந்தால் ஒன்றின் பலகைக்கு மற்றைய கணினியும் செவிசாய்க்கக் கூடியதாயிருந்தது. இத்தகைய இடங்களுக்கெனக் கம்பியொன்று தனியாக விற்கப்பட்டமை நகைப்புக்குரியதாயினும் உண்மையே. 1984இல் நிறுவனம் புதிய பலகையொன்றை மாற்றீடாக வழங்கிற்று. 1985 மார்ச்சில் அக்கணினியின் உற்பத்தியே நிறுத்தப்பட்டது.

கதிரின் குறைபாட்டினை வானொலி அலை நீக்கிற்று. அலைக்கு நேர்ப்பாதை வேண்டியதில்லை. மேசையும் புத்தகமும் அதற்குத் தடையல்ல. 1991இல் லொஜிரெக் நிறுவனம் வானொலி அலையினால் இயங்கும் சுட்டியை வெளியிட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் 27 மெகா ஹேட்ஸ் மீடிறனில் இயங்கிய விசைப்பலகைகளும் சுட்டிகளும் பரவின. அவற்றைப் பொருத்துதலும் ஒரு சடங்கு போன்றதே. அலைவாங்கி அக்காலத்தில் உள்ளங்கையளவு பெட்டி. அதிலிருந்த பொத்தானை முதலில் அழுத்தி, பின்னர் விசைப்பலகையின் அடியிலிருந்த சிறு பொத்தானை அழுத்தினாலே ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

கணினியின் பக்கத்திலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1987இல் ஐ.பி.எம். அறிமுகஞ் செய்த பீ.எஸ்.2 கணினிகளின் வழிவந்த வட்டத் துவாரங்களிற் பிற்காலத்தில் ஊதா நிறத்தது விசைப்பலகைக்கும் பச்சை நிறத்தது சுட்டிக்கும் உரியனவாயின. இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் அவற்றைக் கழற்றிச் செருகுதல் ஆகாது. நிறுத்தி மீண்டும் தொடக்கல் வேண்டும். 1996இல் வெளியிடப்பட்ட யூ.எஸ்.பி. முறை இச்சிக்கலை நீக்கியது. எக்கருவியையும் எந்நேரமும் செருகலாம். தான் யார் என்பதைக் கருவியே கணினிக்கு அறிவிக்கும். இன்றைய சிற்றலைவாங்கியின் எளிமைக்கு அடிப்படை இதுவேயாகும். அலைவாங்கி தன்னை ஒரு சாதாரண விசைப்பலகையாகவும் சுட்டியாகவுமே கணினிக்கு அறிமுகஞ் செய்கின்றது. வெளியே அலைகளின் உரையாடல் நிகழ்வதைக் கணினி அறியாது. அதனைப் பொறுத்தவரை அலைவாங்கியே விசைப்பலகை. அதனாற்றான் பணிசெயல் முறைமை தொடங்குவதற்கு முன்னரும் அது பயன்படுகின்றது.

1998இல் எரிக்சன், இன்ரெல், நொக்கியா, ஐ.பி.எம்., தொஷிபா ஆகிய நிறுவனங்கள் கூடி அமைத்த குழுவினால் வளர்க்கப்பட்ட புளூரூத் முறை இதனின்றும் வேறுபட்டது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னனொருவனின் பெயரைத் தாங்கிய இம்முறையில், கணினியே கருவியைத் தேடிக் கண்டு இணைத்துக்கொள்கின்றது. திரையில் ஆறு இலக்க எண்ணொன்று தோன்றும். அதனைப் புதிய விசைப்பலகையில் அடித்து உறுதிப்படுத்தினால் இணைப்பு நிறைவுறும். சுட்டியில் எண்களை அடிக்க இயலாதாகையால் அது எண்ணின்றியே இணைக்கப்படும். ஆயின் இவ்விணைப்பினைத் தொடக்கி வைப்பதற்கு ஏற்கெனவே இயங்கும் விசைப்பலகையோ சுட்டியோ தேவை. மேசைக் கணினிக்குப் புளூரூத் கருவி வாங்குவோர் பழைய கம்பிக் கருவியை உடனே எறிந்துவிடலாகாது. புதியவரை அவைக்கு அறிமுகஞ் செய்ய அவையறிந்த பழையவர் ஒருவர் வேண்டும்.

இன்றைய சிற்றலைவாங்கிகளும் புளூரூத் கருவிகளும் ஏறத்தாழ 2400 மெகா ஹேட்ஸ் மீடிறனில் இயங்குகின்றன. கம்பியில்லா இணையம், நுண்ணலை அடுப்பு முதலியனவும் அவ்வெல்லையிலேயே உலவுகின்றன. நீல நிறத் துவாரங்களாற் பலரும் அறிந்த யூ.எஸ்.பி. மூன்றாம் பதிப்பின் இணைப்புகளும் இம்மீடிறனில் இரைச்சலை உண்டாக்கும் என்பதை 2012இல் இன்ரெல் நிறுவனத்தின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. எமது சங்க அறையில் அலைவாங்கியைக் கணினியின் பின்புறத்தில், வெளித்தட்டு செருகப்பட்ட துவாரத்திற்கு அருகே பொருத்தியபோது சுட்டுக்குறி தயங்கித் தயங்கி நகர்ந்தது. முன்புறத் துவாரத்திற்கு மாற்றியதும் அத்தயக்கம் நீங்கியது. மேற்கூறிய அறிக்கையைப் படித்த பின்னரே அதன் காரணம் புலனாயிற்று.

5. கம்பி அளித்த காவல்

கம்பி வெறும் பிணைப்பு மாத்திரமன்று, அது காவலுமாயிருந்தது. கம்பியின் வழியே செல்லும் எண் கணினியை மட்டுமே சென்றடையும். காற்றின் வழியே செல்லும் எண்ணோ செவியுள்ளார் அனைவருக்கும் கேட்கும். 27 மெகா ஹேட்ஸ் விசைப்பலகைகள் சில, தாம் அனுப்பிய எண்களை மறைப்பதற்கு 256 சாத்தியங்களுள் ஒன்றான திறவுகோலையே பயன்படுத்தின என்பதையும், ஒவ்வொன்றாக முயன்று அதனை எளிதிற் கண்டறியலாம் என்பதையும் 2007இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். 2016இல் 'மௌஸ்ஜாக்' என்னும் பெயரில் வெளியான ஆய்வு மேலும் வியப்புக்குரியது. விசைப்பலகையின் செய்திகளை மறைகுறியாக்கிய உற்பத்தியாளர் சிலர், சுட்டியின் செய்திகளை அவ்வாறு காக்கவில்லை. நகர்வினை ஒட்டுக்கேட்டு யாது பயன் என எண்ணினர் போலும். அக்காவலற்ற வாயிலின் ஊடாகவே, சுட்டி போல நடித்து விசையழுத்தங்களைக் கணினிக்குள் செலுத்தலாம் என அவ்வாய்வு நிறுவிற்று. சிறியதெனக் கருதி விடப்பட்ட வாயில் பெரிய வாயிலாயிற்று.

இதனாற் கம்பியற்ற கருவிகளைத் துறத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. பொருத்தும் வேளையில் நிகழும் இணைப்பு வெறுஞ் சடங்கன்று என்பதே கருத்து. இரும்புக் கம்பி செய்த வேலையை இப்போது கருவிகளிரண்டும் தமக்குள்ளே வைத்துக்கொள்ளும் இரகசியம் செய்கின்றது. அவ்விரகசியம் வலிதாயின் இணைப்பும் வலிது.

6. தமிழ் அமரும் இடம்

இனி, கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய வினாவுக்கு மீள்வோம். விசைப்பலகை 13 என அறிவிக்கின்றது. அது எழுத்தாவது எங்கே?

கணினியில் தமிழ் புகுந்த முதற்கட்டத்தில் இவ்வினாவுக்கு எழுத்துருக்களின் மூலமே விடை காணப்பட்டது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு அத்தகையது. அது தட்டச்சுப் பொறியின் ஒழுங்கினைப் பின்பற்றியது. அதிலே கணினி சேமித்தது தமிழ் எழுத்தையன்று, ஆங்கில எழுத்தையே. திரையிற் காட்டும்போது மாத்திரம் அதற்குத் தமிழ் உருவம் போர்த்தப்பட்டது. 'தமிழ்' என்னும் சொல்லை அடித்தால் உள்ளே பதிந்தவை ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பினைத் திறந்தால் அப்பொருளற்ற கோவையே தோன்றும்.

இது வெறும் எடுத்துக்காட்டன்று. புதிய கருவிகளைப் பொருத்திய அன்றே, எமது சங்கத்தின் பழைய மலர்களின் கோப்புகளைத் திறந்து பார்த்தோம். கவிதையும் கட்டுரையும் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகக் காட்சியளித்தன. அவற்றை எழுதியோர் நம்மைப் போன்ற மாணவர்களே. தாளில் அச்சான பிரதிகளுள்ளுஞ் சில இன்று கிடைப்பதரிது. எழுத்து விசையிலிருந்து விடுபட்டதாயினும், எழுத்துரு என்னும் வேறொரு தளையினுட் புகுந்தமையால் வந்த விளைவு இது. விசையிலிருந்து பிரிந்த எழுத்துக்குத் தனக்கென ஓர் இருப்பிடம் வேண்டும் என்னும் பாடத்தினை அக்கோப்புகள் நமக்குக் கற்பிக்கின்றன.

அவ்விருப்பிடத்தை அளித்தது யுனிகோட். 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட பகுதியொன்று ஒதுக்கப்பட்டது. ககரத்தின் எண் 2965. அது வேறெம்மொழியின் எழுத்துக்கும் உரியதன்று. எவ்வெழுத்துருவிற் காட்டினும், எந்நாட்டுக் கணினியில் திறப்பினும் அது ககரமே. இவ்விடத்திலேதான் தமிழ் எழுத்து தன் சொந்தப் பெயரோடு கணினியினுட் குடிபுகுந்தது.

எனினும், எவ்விசைக்கு எவ்வெழுத்து என்னும் வினா எஞ்சி நின்றது. 1999 பெப்ரவரியிற் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற் 99 மாநாட்டினைத் தொடர்ந்து, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு 'தமிழ் 99' விசைப்பலகையை ஏற்றது. உயிர்கள் இடக்கைப் பக்கத்திலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்த ஒழுங்கு அது. இலங்கையிலோ தட்டச்சு மரபைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகை 2008ஆம் ஆண்டின் நியமத்தில் இடம்பெற்றது. இவற்றோடு, ஆங்கில எழுத்துக்களால் ஒலியை அடித்துத் தமிழாக மாற்றும் முறையும் இன்று மாணவரிடையே பெருவழக்காகவுள்ளது. ஆகவே 13 என்னும் அதே எண், ஆங்கிலத்தில் ஜே. தட்டச்சு வழிவந்த ஒழுங்கிலே தகரம். தமிழ் 99இலே பகரம். 11 என்னும் எண் ஆங்கிலத்தில் எச். தட்டச்சு வழியிலே கால். தமிழ் 99இலே ககரம். அழுத்திய விசை ஒன்றே; அனுப்பப்பட்ட எண்ணும் ஒன்றே. எழுத்தைத் தீர்மானிப்பது நாம் கணினியில் தெரிவு செய்துள்ள ஒழுங்கு.

தமிழ் 99 சிறந்ததா, தட்டச்சு மரபு சிறந்ததா என வாதிடுதல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. முன்னையது புதிதாகக் கற்போருக்கு எளிது. பின்னையது நம் நாட்டில் ஒரு தலைமுறையின் விரல்களில் ஊறியது. டிவோராக்கின் அனுபவம் காட்டுவது போல, இத்தகைய வழக்குகளிற் பழக்கமே தீர்ப்பு வழங்குகின்றது. ஒன்று மாத்திரம் உறுதி: ஆங்கில ஒலிவழியே தமிழை அடிப்பவர், தமிழ் எழுத்தை எழுதுவதற்கு ஒவ்வொரு முறையும் ஆங்கில எழுத்தை நினைக்கின்றார். லகர ளகர ழகரங்களையும், றகர ரகரங்களையும், நகர னகர ணகரங்களையும் வேறுபடுத்தப் பேரெழுத்து, சிற்றெழுத்து எனத் தடுமாறுகின்றார். தமிழ் எழுத்துக்கென நேரான விசை இருக்க இச்சுற்றுவழி ஏன் என நம்முட் பலர் வினவுவதில்லை. விசையின் மேலே ஆங்கிலம் பொறிக்கப்பட்டிருத்தலால் பலகையே ஆங்கிலத்திற்குரியது என நாம் மயங்குவது அதற்கொரு காரணமாகலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், கம்பியற்ற விசைப்பலகையின் வரலாறு கம்பி அறுந்த நாளிற் தொடங்கியதன்று என்பதே. இரும்பு நெம்புகோலிலிருந்து எழுத்து விடுபட்டமை முதலாவது. எண் காற்றிற் பயணித்தமை இரண்டாவது. இரண்டாவதனை நிறுவனங்கள் நமக்காகச் செய்து பெட்டியில் இட்டு விற்கின்றன. அலைவாங்கியைச் செருகி மின்கலத்தை இட்டால் அது நிறைவுறுகின்றது. முதலாவதனால் வந்த பயனை அவ்வாறு எவரும் நமக்கு விற்க இயலாது. எண்ணுக்கு எவ்வெழுத்தை உரிமையாக்குவது என்பது அவரவர் மொழிச் சமூகம் தானே செய்யவேண்டிய தெரிவு. இரும்பே விதியாயிருந்த காலத்தில் முத்தையா அவர்கள் தமிழுக்கு இடம் தேடினார். இரும்பு அகன்றுவிட்ட இக்காலத்தில் நமக்குத் தேவைப்படுவது சில வாரப் பயிற்சி மட்டுமே.

அன்று மாணவி வினவிய வினாவுக்கு விடை இதுதான்: இப்பலகைக்கு எம்மொழியும் தெரியாது; ஆகையால் எம்மொழியும் இதில் வரும். கணினியின் பணிசெயல் முறைமையிலே தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. சுட்டியை நாலைந்து முறை சொடுக்கினாற் போதும். எமது சங்கக் கணினியில் அன்றே அதனைச் செய்தோம். விசைகளின் மேலே சிறு தாள்களில் தமிழ் எழுத்துக்களை எழுதி ஒட்டியவள் அவளே. பழைய மலர்களின் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றும் பணியும் தொடங்கியுள்ளது. மாற்றும்போது நேரும் பிழைகளைத் திருத்துவதற்கு ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் படித்தே ஆகவேண்டும். அப்பணிக்கு உதவ விரும்பும் மாணவர் சங்க அறைக்கு வருவாராயின், கருவியும் ஆசனமும் ஆயத்தமாயுள்ளன.